அப்பா தூங்குகிறார்

“அப்பா தூங்குறார், சத்தம் போடாதே” என்பதைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை உண்டா? ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு அவர் கட்டிலில் சாய்ந்ததும் வீடு தானாக அடங்கும். கழுவ வேண்டிய பாத்திரங்கள் அப்படியே கிடக்கும். குழாயை நூலளவு திறப்பார்கள். கீல் முனகக் கூடாது என்று கதவைத் தூக்கிச் சாத்துவார்கள். தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்களை அம்மா வாசலில் நின்று, வாயில் விரலை வைத்துக் காட்டியே விரட்டுவாள். நாம் சத்தத்தில் பிறந்து சத்தத்தில் சாகிறவர்கள், அமைதி என்பதே நமக்கு அந்நியச் சரக்கு என்று யாராவது சமூகவியல் பேசினால் நம்பாதீர்கள். அமைதியை எப்படி உண்டாக்குவது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். யாருக்காக என்பதில்தான் கதை இருக்கிறது.

“அம்மா தூங்குறாங்க” என்று சொல்லி எத்தனை வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள்? அம்மா பகலில் படுத்தால் ‘உடம்பு சரியில்லையா?’ என்று கேட்போம். காய்ச்சல் இருந்தால்தான் அவளுக்கு அமைதி. அதுவும் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரைக்கும்.

எனக்கு ஒலி தாங்காது. பத்து வயதிலிருந்து இப்படித்தான். எல்லா ஒலியும் அல்ல; பெரிய ஒலிதான் என்றும் இல்லை. தட்டில் எவர்சில்வர் கரண்டி உராய்வது, பக்கத்தில் இருப்பவர் மெல்லுவது, உள்ளங்கையில் ஊற்றிய ரசத்தை உறிஞ்சுவது, பிளாஸ்டிக் பையைக் கசக்குவது, பேனாவின் தலையை அழுத்தி அழுத்தி விடுவது, விடிகாலையில் பக்கத்து வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக் காறுவது. இவையெல்லாம் எனக்கு எரிச்சல் தருகின்றன என்று சொன்னால் பொய். எரிச்சல் என்பது மனம் ஒரு நொடியாவது யோசித்த பிறகு வருவது. இது அதற்கு முன்பே வந்துவிடும். தோள் இறுகும், நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். எழுந்து ஓடு, இல்லையென்றால் கையில் கிடைத்ததை எடுத்து எறி என்று உடம்பு கட்டளையிடும். அந்தக் கட்டளையை மீறி, முகத்தில் ஒன்றும் காட்டாமல், “இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டு நிற்பதுதான் என் வாழ்நாளில் நான் செய்த ஆகப் பெரிய உடலுழைப்பு. முனைவர் பட்ட ஆய்வெல்லாம் அதன் பக்கத்தில் வர முடியாது.

இதற்குத் தமிழில் சொல் தேடினேன்; சொல் தேடுவது என் பிழைப்பு. பல் கூசுகிறது என்கிறோம், கண் கூசுகிறது என்கிறோம். இரண்டும் உடம்பின் சங்கதி. புளியங்காய் கடித்தால் பல் கூசும், வெயில் அடித்தால் கண் கூசும், அதில் யார் மீதும் குற்றமில்லை. காது கூசுகிறது என்றால் மட்டும் பொருள் மாறிவிடுகிறது. கெட்ட வார்த்தை கேட்டால்தான் நம் காது கூசும். பெண் காது என்றால் கட்டாயம் கூசியாக வேண்டும். தெருச்சண்டையின் வசவுகளைக் கேட்டுக் காது கூசாமல் கடந்துபோகிற பெண்ணை ஊர் சந்தேகப்படும். கரண்டி உராய்வதற்குக் காது கூசுகிற பெண்ணைப் பார்த்து ஊர் சிரிக்கும். பல்லுக்கும் கண்ணுக்கும் நரம்பைக் கொடுத்த மொழி, காதுக்கு மட்டும் கற்பைக் கொடுத்து வைத்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒலிக்கூச்சம் என்று நான் எழுதுவது பல் கூச்சம் என்பதன் பொருளில்தான். நாணத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

தமிழுக்கு ஒலியறிவு குறைவு என்று இதனால் ஆகிவிடாது. தொல்காப்பிய உரியியல் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்று நான்கு சொற்களை எடுத்துவைத்து, இவை அரவத்தைக் குறிப்பவை என்கிறது. அடுத்த நூற்பாவில், இவற்றுள் அழுங்கல் என்பதற்கு இரக்கம் என்றும் கேடு என்றும் பொருள் உண்டு என்கிறது. இரைச்சலும் துயரமும் அழிவும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்திருக்கின்றன. தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் வினாவாக இதைத் தள்ளிவிட்டுப் போகிறோம். எனக்கென்னவோ அந்தச் சொல்லைச் செய்தவர்களில் என்னைப் போல ஒருத்தியாவது இருந்திருப்பாள் என்றே தோன்றும். ஆய்வேட்டில் இப்படி எழுதினால் நெறியாளர் சிவப்பு மையால் அடிப்பார். இது ஆய்வேடு அல்ல.

மருத்துவரிடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். முப்பத்தெட்டு வயதில் போனேன். காது மூக்கு தொண்டை நிபுணர் ஆடியோகிராம் எடுத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு காதும் நார்மல். பாம்புச் செவி மேடம் உங்களுக்கு” என்று சிரித்தார். பிறகு வயதைக் கேட்டார், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார், வீட்டில் எல்லாம் சுமுகம்தானே என்று கேட்டார். அடுத்து அனுப்பிய இடத்தில் தூக்க மாத்திரை எழுதினார்கள். என் காதில் தொடங்கிய விசாரணை கர்ப்பப்பையைச் சுற்றிவிட்டுக் கட்டிலறையில் போய் முடிந்தது. ஹிஸ்டீரியா என்ற சொல் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லை மருத்துவம் கைவிட்டாலும் அந்த வழித்தடத்தை விடவில்லை.

ஆனால் அறிவியல் அந்த அறையைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. ஒலிக்கூச்சம் ஒன்றல்ல. சாதாரண அளவுள்ள ஒலியே காதைத் துளைக்கும் வலியாகவும் தாங்கமுடியாத உரப்பாகவும் கேட்பது ஒரு வகை. அதை ஹைப்பரக்யூசிஸ் என்கிறார்கள். ஒலியின் அளவு முக்கியமில்லாமல், குறிப்பிட்ட சில ஒலிகள், அதுவும் பெரும்பாலும் மனிதர்கள் வாயாலும் மூக்காலும் எழுப்பும் ஒலிகள், உடம்பைத் தூக்கிவாரிப்போட வைப்பது இன்னொரு வகை. இதற்கு மிசோஃபோனியா என்ற பெயரை 2001இல் சூட்டியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த மார்கரெட், பாவெல் யாஸ்ட்ரெபாஃப் இணையர். 2017இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சுக்பிந்தர் குமாரும் உடன் ஆய்வாளர்களும் இந்தக் கூச்சம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஸ்கேனருக்குள் படுக்கவைத்து மெல்லும் ஒலி, மூச்சொலி போன்றவற்றைக் கேட்கவைத்தார்கள். கூச்சம் உள்ளவர்களின் மூளையில் முன் இன்சுலா என்ற பகுதி மற்றவர்களைவிட மிகையாகத் துடித்தது, இதயத்துடிப்பு கூடியது, தோலின் வியர்வை அளவு மாறியது. எதைக் கவனிக்க வேண்டும், எது ஆபத்து என்று தரம் பிரிக்கிற வேலையில் பங்குள்ள பகுதி அது. ஆகவே அந்தக் காது மூக்கு தொண்டை நிபுணர் சொன்னதில் ஒரு பாதி சரி. என் காதில் குறையில்லை. காதுக்கு அப்பால் நடப்பதைத்தான் அவர் என் வயதில் தேடினார்.

இதன் அக்காள் தங்கை உறவாகச் சொல்லப்படுவது புலன் செயலாக்கக் குறைபாடு. கண், காது, தோல், மூக்கு, உடலின் சமநிலை என்று பல வாசல்கள் வழியாக வரும் செய்திகளை மூளை அடுக்கிவைப்பதில் சிலருக்குச் சிக்கல் வருகிறது என்று விளக்கியவர் ஜீன் அயர்ஸ். அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர், பெண். அவருடைய புத்தகம் 1972இல் வந்தது. சட்டைக் காலரின் லேபிள் உறுத்துவது, டியூப்லைட்டின் முனகல் கேட்பது, கூட்டத்தில் யாரோ உரசினால் உடம்பு முழுக்கச் சுருங்குவது எல்லாம் ஒலிக்கூச்சத்தோடு சேர்ந்தே பலருக்கு இருக்கும். எனக்குப் பட்டுப்புடவையின் ஜரிகை ஆகாது. கல்யாண வீட்டில் அதற்கும் ஒரு பேச்சு உண்டு. ஆட்டிசம் உள்ளவர்களிடம் இப்படிப்பட்ட கூச்சம் மிகப் பரவலாக இருக்கிறது. ஆனால் கூச்சம் உள்ளவர்கள் எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்கள் அல்ல.

2013இல் வந்த அமெரிக்க உளமருத்துவக் கையேடான டிஎஸ்எம்-5, புலன்கூச்சத்தை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. தனிக் குறைபாடாக ஏற்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், இதைத் தனி நோய்ப்பெயராக எழுதாதீர்கள் என்று தன் மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டது. மிசோஃபோனியாவுக்கும் அந்தக் கையேட்டில் இடமில்லை. நிபுணர்கள் கூடி ஒத்துக்கொண்ட வரையறையே 2022இல்தான் வந்தது. பெயர் வைப்பதில் மருத்துவர்களுக்குள் இருக்கும் தகராறு அவர்களுடையது. தகராறு தீரும்வரை உடம்பு காத்திருக்காது.

ஆட்டிசத்தை யாரிடம் பார்த்தார்கள் என்பதும் இங்கே முக்கியம். லியோ கானர் 1943இல் எழுதிய முதல் கட்டுரையில் 11 குழந்தைகள். அவர்களில் 8 பேர் ஆண் குழந்தைகள். வாக்குவம் கிளீனர், முட்டை அடிக்கும் கருவி போன்றவற்றின் சத்தத்துக்கு அந்தக் குழந்தைகள் அஞ்சியதை அவர் குறித்திருக்கிறார். அடுத்த ஆண்டு ஆஸ்பெர்கர் விவரித்த நால்வரும் சிறுவர்கள். நான்கு பையன்களுக்கு ஒரு பெண் என்ற கணக்கு அதன்பின் பாடப்புத்தகங்களில் நெடுங்காலம் ஓடியது. பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெண் பிள்ளை அலறினால் முதுகில் ஒன்று வைத்தார்கள். அவள் அலறாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதாலேயே அவளுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். நம் ஊரில் இதற்கு ஆய்வுகூடத் தேவையில்லை. ‘அடக்கமான பொண்ணு’ என்று பாராட்டிப் பேசப்படுகிறவர்களில் எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நான் சொல்ல வந்த இடத்துக்கு இப்போது வருகிறேன். மிசோஃபோனியா உள்ளவர்களை உலகெங்கும் அதிகமாக வதைப்பது அடுத்தவர் சாப்பிடும் சத்தம். தமிழ்ப் பெண்ணுக்கு இந்தப் பண்பாடு ஒதுக்கியிருக்கும் இடமோ, சாப்பிடுகிறவரின் பக்கம்.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். அமெரிக்காவில் இந்தக் கூச்சம் உள்ள ஒருத்தி தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனால், குடும்பம் சங்கடப்படும், அவ்வளவுதான். இங்கே அவள் தட்டே இன்னும் அடுப்படியில் இருக்கிறது. அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அதற்கு வேலை. அவர் இலையில் என்ன குறைகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டு, அவர் எப்படிச் சுவைக்கிறார் என்று காதால் கேட்டுக்கொண்டு, கரண்டியோடு நிற்க வேண்டும். நாம் சத்தமாகச் சாப்பிடுகிறவர்கள். அதில் தப்பில்லை. சப்புக்கொட்டிச் சாப்பிடுவது சமைத்தவளுக்குக் கொடுக்கும் சான்றிதழ். ரசத்தை உறிஞ்சுகிற ஓசையில் ஒரு திருப்தி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சான்றிதழ் ஒருத்தியின் உடம்பில் ஊசியாக இறங்குகிறது என்றால் அதை அவள் எந்த வாயால் சொல்வாள்? ‘நீங்க சாப்பிடுற சத்தம் எனக்குத் தாங்கலை’ என்று கணவனிடம் சொல்லிப் பார்த்த பெண்களைக் கேளுங்கள். ‘என்னைப் பிடிக்கலைன்னு சொல்லு’ என்று பதில் வரும். அத்தையிடம் சொன்னால், ‘எம்புள்ளை சாப்பிடுறது உனக்குப் பொறுக்கலையா?’ என்று வரும். ஒரு நரம்பின் துடிப்பு ஒரே வாக்கியத்தில் தாம்பத்தியக் குற்றமாகிவிடும். அதனால்தான் சொல்வதில்லை. சாம்பார் வாளியை எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வருகிறோம். நான் இதை ஒரு மகளிர் பயிலரங்கில் போகிறபோக்கில் சொன்னேன். தேநீர் இடைவேளையில் மூன்று பேர் தனித்தனியாக வந்து, ‘எனக்கும் அப்படித்தான் மேடம், நான் கெட்டவள்னு நினைச்சிட்டிருந்தேன்’ என்றார்கள். மூன்றாமவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும்.

“அப்படின்னா மிக்சி சத்தம் மட்டும் எப்படித் தாங்குது? குக்கர் விசில் எப்படி?” என்று மடக்குவார்கள். மடக்கிவிட்டதாக ஒரு சிரிப்பும் இருக்கும். நானே போடும் சத்தத்தை என் மூளை எதிர்பார்த்து வைத்திருக்கிறது. சுவிட்ச் என் கையில் இருக்கிறது. எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியும். இந்தக் கூச்சம் உள்ள பலருக்கும் தாங்கள் மெல்லுவது தொந்தரவாக இருப்பதில்லை. வலிப்பது, நிறுத்தும் உரிமை நம்மிடம் இல்லாத சத்தம். இதைப் புரிந்துகொள்வதற்கு நரம்பியல்கூட வேண்டியதில்லை. விடிய விடிய ஆர்கெஸ்ட்ரா நடத்துகிற மண்டபத்துக்காரர் பக்கத்து வீட்டில் குழாய்க்கிணறு தோண்டினால் போலீசுக்குப் போன் போடுகிறாரே, அவருக்கும் தெரிந்த விஷயம்தான்.

இன்னொன்றும் உண்டு. பெண்ணின் காது அவளுடையது அல்ல, வீட்டின் பொதுச்சொத்து. மூன்றாவது விசில் வந்ததா, பால் பொங்குகிறதா, மேல்தொட்டி நிரம்பி வழிகிறதா, தண்ணீர் லாரி வந்துவிட்டதா, குழந்தை தூக்கத்தில் புரண்டதா, மாமாவுக்கு இருமல் அதிகமாகிறதா என்று இருபத்துநான்கு மணி நேரமும் காவல் காக்கிற காது அது. குழந்தை அழுது அப்பாவின் காதில் விழாமல் போகலாம், அது அலுப்பு. அம்மாவின் காதில் விழாமல் போனால் அது கொலைக்குச் சமம். இந்தக் காவல்தான் நோயைக் கொண்டுவருகிறது என்பது என் வாதம் அல்ல. பத்து வயதில் நான் எந்தப் பாலையும் காவல் காக்கவில்லை. கூர்மையாக இரு என்று காதைப் பழக்கியவர்களே, அந்தக் கூர்மை தங்கள் பக்கம் திரும்பும்போது அதைக் கோளாறு என்கிறார்கள் என்பதுதான் என் வாதம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படிக்கும் மகனைப் பார்த்து, ‘பரீட்சைக்குப் படிக்கிறான்’ என்று பெருமைப்படும் வீடு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு காய் நறுக்கும் மருமகளைப் பார்த்து, ‘கூப்பிட்டாக் காதுல விழுறதே இல்லை’ என்று உறவுக்காரர்களிடம் குறைசொல்லும். விழக் கூடாது என்றுதானே மாட்டியிருக்கிறாள்?

எங்கள் துறையில் இதே கூர்மையைக் கொண்டாடித்தான் சம்பளம் வாங்குகிறோம். குறுந்தொகையின் 138ஆம் பாடல், கொல்லன் அழிசி பாடியது. ஊரே உறங்கிய நள்ளிரவில் வீட்டுக்குப் பக்கத்து நொச்சி மரத்திலிருந்து பூ உதிர்ந்து விழும் ஓசையைக் கேட்டபடி தூங்காமல் கிடந்தோம் என்று தோழி சொல்கிறாள். பூ விழும் ஓசை! அந்த ஓசைக்கு எத்தனை உரை, எத்தனை கருத்தரங்கம், எத்தனை பேராசிரியர்கள் கண்ணைமூடித் தலையாட்டியிருக்கிறார்கள்! காதலனுக்காகக் காத்திருக்கும்போது பெண்ணின் காது அவ்வளவு நுட்பமாக இருக்கலாம், அது அழகு. அதே காது, அந்தப் பேராசிரியர் ஓய்வறையில் முறுக்கு கடிக்கும்போது எழுந்து வராந்தாவுக்குப் போனால், ‘அந்தம்மா கொஞ்சம் ஒரு மாதிரி’.

அகநானூற்றின் 4ஆம் பாடலையும் ஒவ்வோராண்டும் நடத்துகிறேன். குறுங்குடி மருதனார் பாடியது. தேரில் திரும்பி வருகிற தலைவன், பூக்களில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடக் கூடாது என்று மணியின் நாக்கைக் கட்டிவிட்டு வருகிறான். இதைத் தமிழரின் ஜீவகாருண்யம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். பேசிவிட்டு ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு போகிறோம். வண்டுக்காக மணிநாவைக் கட்டியதைப் பேசிப் பேசிக் கைத்தட்டு வாங்கியவர் ஒருவரின் மனைவி, அவர் காலையில் பாட்டை ஓடவிட்டு ஹாலில் உட்காரும்போது, மொட்டைமாடியில் போய் நின்றுகொள்வதாக என்னிடம் சொன்னார். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் பலர் தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இவ்வளவு சொன்னபின் எனக்கு நானே ஒரு வேலி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சத்தத்தைப் பற்றிய புகாருக்கு இந்த நாட்டில் சாதி உண்டு. பறையை இரைச்சல் என்று சொன்ன காது எது, சேரியைக் கூச்சல் என்று சொன்ன காது எது, மீன்காரியின் குரலை அநாகரிகம் என்று சொன்ன காது எது என்று நமக்குத் தெரியும். மெல்லப் பேசுவது மேல்சாதி என்றும், வாயை மூடி மெல்லுவது நாகரிகம் என்றும் சொல்லித்தருகிற பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. என் ஒலிக்கூச்சத்தை அந்தக் கும்பல் இரவல் வாங்கிக்கொள்ள நான் விடமாட்டேன். அருவருப்பு வேறு, கூச்சம் வேறு. அருவருப்பு ஆளைப் பார்த்து வரும், சாதி பார்த்து வரும். இது ஆளைப் பார்ப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த என் தங்கை ஆப்பிள் கடித்தாலும் இதே படபடப்புதான். சண்டைக்காரர் கடித்தாலும் அதேதான். பறை எனக்கு ஒன்றும் செய்வதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொள்ளக்கூடிய பெருமை எதுவும் இல்லை, என் நரம்பு அப்படி.

சத்தத்தைச் சொல்லி அழக்கூட இடம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக் கொட்டகைக்குள் ஒருமுறை போய் நின்று பாருங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் கையைத்தான் ஆட்ட வேண்டும். தொழிற்சாலை விதி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் வீடு, தொட்டில், அடுப்பு. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கொண்டுவந்து அடைக்கப்பட்ட பெண்களில் ஒலிக்கூச்சம் உள்ள ஒருத்திகூடவா இருந்திருக்க மாட்டாள்? வேலையை விட்டு ஓடியவளைப் பற்றி, ‘ஒழுங்கா இருக்கத் துப்பில்லை’ என்று எழுதியிருப்பார்கள். அவள் எதிலிருந்து ஓடினாள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்காவது ஆடியோகிராம் எடுக்கக் காசு இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், தாளில் எல்லாம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளுக்காக ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு மட்டும் மாநில அரசு தளர்த்தலாம். எங்கள் தெருவில் ஆடி மாதம் ஒன்றுக்கே அந்தப் பதினைந்து நாள் போதாது. அம்மனுக்குக் கூழ் காய்ச்சுகிறவர்கள் பெண்கள், மைக் செட்டின் திருகைப் பிடித்திருப்பவர்கள் ஆண்கள். அம்மன் பெண்தானே, அவளுக்குக் காது வலிக்காதா என்று ஒரு தடவை கேட்டேன். கமிட்டியில் இருந்த தம்பி, “அக்கா, சாமி விஷயத்துல விளையாடாதீங்க” என்றார்.

ஒலி மாசு பற்றி உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18இல் விரிவான தீர்ப்பொன்று தந்தது. நிம்மதியாக வாழ்வது வாழ்வுரிமையின் பகுதி என்றும், என் வீட்டுக்குள் ஒலியைத் திணிக்க எவருக்கும் உரிமையில்லை என்றும் சொன்ன தீர்ப்பு அது. பட்டாசு வழக்கென்று பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த வழக்கு எப்படித் தொடங்கியது என்பதை மறந்துவிட்டார்கள். 1998 ஜனவரி முதல் வாரத்தில் செய்தித்தாளில் வந்த ஒரு செய்தி. 13 வயதுச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். அவள் உதவி கேட்டு அலறியது அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலையே அவள் தீ வைத்துக்கொண்டு செத்துப்போனாள். இதைப் படித்த பொறியாளர் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனார். இந்தியாவில் சத்தத்துக்கு எதிரான சட்டப் பேச்சின் அடியில் ஒரு பெண் குழந்தையின் கேட்காமல் போன குரல் கிடக்கிறது. ஏழாண்டு கழித்து வந்த தீர்ப்பிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது தீபாவளிக்கு எத்தனை மணிவரை வெடிக்கலாம் என்பதை.

அந்தச் சட்டமும் வீட்டு வாசல்படியோடு நின்றுவிடுகிறது. ஹாலுக்குள் எத்தனை டெசிபல், யார் குறைக்க வேண்டும், யார் எழுந்து மொட்டைமாடிக்குப் போக வேண்டும் என்பதற்கு விதி கிடையாது. அங்கே ஓடுவது ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்கிற ஒரே விதி. மருத்துவமும் கடைசியில் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறது. எண்ணத்தையும் நடத்தையையும் பழக்குகிற சிகிச்சை சிலருக்குப் பயன் தருகிறது. மெல்லிய பின்னணி ஒலியை ஓடவிடுவது சிலருக்கு உதவுகிறது. எனக்கும் உதவுகிறது, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துத்தான் தூங்குகிறேன். காதடைப்பான் மட்டும் தீர்வாகாது. எந்நேரமும் காதை அடைத்துவைத்தால் கூச்சம் இன்னும் கூடும் என்று கேட்டல் நிபுணர்களே எச்சரிக்கிறார்கள். அப்படியென்றால் மிச்சமிருக்கும் வழி என்ன? எதிரில் இருப்பவர் கொஞ்சம் மாறுவது. செல்போனில் வீடியோ பார்க்கிறவர் இயர்போன் மாட்டிக்கொள்வது. பரிமாறுகிற கையை விடுவித்து, எல்லோரும் தானே போட்டுச் சாப்பிடுவது. சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி வேறு அறையில் தட்டோடு உட்கார்ந்தால் அதற்கு அர்த்தம் கற்பிக்காமல் விடுவது. இதில் ஒன்றுக்குக்கூடப் பைசாச் செலவில்லை. செலவில்லாத இந்த மாற்றத்தைக் கேட்பதற்குள் ஒருத்திக்கு நாற்பது வயது கடந்துவிடுகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் உண்டு. அந்தச் சான்றிதழ் இல்லாத வெறும் ஒலிக்கூச்சம் இல்லை. என் மாணவி ஒருத்திக்கு அதுதான் சிக்கல். படிப்பில் கெட்டி. தேர்வறையில் கிரீச்சிடுகிற ஒரு மின்விசிறிக்குக் கீழே அவளுக்கு இடம் விழுந்தது. முதல் அரை மணி நேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது கண்காணிப்பில் இருந்தது நான். அடுத்த தேர்வுக்கு அறை மாற்றிக் கேட்டு விண்ணப்பம் எழுதச் சொன்னேன். எந்தச் சட்டத்தையும் இழுக்காமல், மூன்றே வரியில், மூலையில் ஓர் இடம், முடிந்தால் மின்விசிறிக்கு எண்ணெய். குழுவில் வைத்தார்கள். ‘ஒரு பொண்ணுக்காக சீட்டிங் பிளானை மாத்தினா நாளைக்கு ஆளாளுக்கு வருவாங்க’ என்றார் ஒருவர். ‘கல்யாணமாகிப் போற வீட்லயும் ஃபேனை மாத்தச் சொல்லுமா?’ என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பையும் கேட்டேன்.

போன ஆண்டு ஆய்வுக்குழு வந்தபோது இதே வளாகத்தில் மூன்று நாள் வகுப்பு மணி அடிக்கவில்லை. கல்லூரிப் பேருந்துகளை ஹாரன் அடிக்காமல் ஓட்டச் சொன்னார்கள். குழுத் தலைவர் மதியம் சற்று ஓய்வெடுப்பார் என்று விருந்தினர் அறைக்குப் பக்கத்தில் இருந்த ஜெனரேட்டரை நிறுத்தி, இரண்டு துறைகளை மின்சாரமில்லாமல் வியர்க்க விட்டார்கள். அவள் இப்போது அடுத்த செமஸ்டர் எழுதுகிறாள். அதே அறை. மின்விசிறிக்கு நானே வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி எண்ணெய் விடச் சொன்னேன். ஏணி தேடிக் கொண்டுவரப் பத்து நிமிடம், எண்ணெய் விட ஐந்து நிமிடம் ஆனது.